அகீல் மணி அடிக்காத காலை

திகனவிலிருந்து கண்டிக்கு ஓடுகிற தனியார் பஸ்களில் முக்கால்வாசி, கொண்டக்டர் தகரத்தில் தட்டுகிற தட்டுக்கும் சிங்களத்தில் "ஹரி, ஹரி", அதாவது சரி சரி, என்று போடுகிற கூச்சலுக்கும் கிளம்பிவிடும். ஏறுகிறவரின் ஒரு கால் இன்னும் றோட்டில் இருந்தால் அது அவர் பாடு. இருளப்பனின் பஸ் அந்த வகையைச் சேர்ந்ததல்ல. அதில் கூரையோரமாகப் பின்கதவிலிருந்து முன்பக்கம் வரை ஒரு கயிறு ஓடும். கயிற்றின் நுனியில், டிரைவரின் தலைக்கு மேலே, ஒரு பித்தளை மணி தொங்கும். ஒரு மணி அடித்தால் நில். இரண்டு மணி அடித்தால் போ. இரண்டு மணி விழாமல் இருளப்பன் கிளச்சிலிருந்து காலை எடுக்கமாட்டார், பின்னால் வருகிற பஸ்காரன் ஹோர்னை அழுத்திக் கையே வலித்தாலும் சரி.

இளம் வயதில் கட்டுகஸ்தோட்டைப் பக்கம், முன்னால் போன பஸ்ஸிலிருந்து ஒரு பெண் இறங்கி முடிப்பதற்குள் அது கிளம்பியதைக் கண்ணால் பார்த்தவர் அவர். அன்றைக்குப் பிடித்த பிடிவாதம் ஐம்பத்துச் சொச்சம் வயதிலும் விடவில்லை. இந்த ஒழுங்கைக் கேலி செய்யாத டிரைவர் அந்த ரூட்டில் கிடையாது. "அண்ணன் கோயில் தேர் ஓட்டுறாரு, மணி அடிச்சாத்தான் நகரும்" என்பான் ரவிகுமார். சொந்தமாக ஒரு பஸ் இல்லாமல், லீவு போடுகிறவர்களின் சீட்டில் உட்கார்ந்து ஓட்டுகிற மாற்று டிரைவர் அவன்.

அந்த ரூட் டிரைவர்களுக்கு இன்னொரு ஒழுங்கும் இருந்தது. அதை ஒழுங்கு என்பதா, மடத்தனம் என்பதா என்று நீங்களே முடிவு செய்யுங்கள். இந்தப் பஸ்களில் இஞ்சின் டிரைவரின் பக்கத்திலேயே ஒரு மூடிக்குக் கீழே கிடந்து கொதிக்கும். அதன் சூட்டில் நாள் முழுவதும் உட்கார்ந்திருப்பவனுக்கு மூலம் வராமல் இருக்காது, வந்தால் இரத்தம் போகாமல் இருக்காது என்பது அவர்களின் வேதவாக்கு. தேத்தண்ணிக் கடையில் யாராவது "எனக்கும் போகத் தொடங்கிட்டு" என்று முனகினால், மற்றவர்கள் அவனைத் தட்டிக்கொடுத்து, ஒரு தம்பிலி இளநீரை வெட்டிக் கையில் கொடுப்பார்கள். தம்பிலி, ஊறவைத்த வெந்தயம், நடுவில் ஓட்டை வெட்டிய ஸ்பொஞ்ச் மெத்தை. இதற்கு மேல் வைத்தியம் என்று ஒன்று இருப்பதாக அவர்கள் நினைத்ததே இல்லை.

ஆகவே, கண்டிப் பெரஹராத் திருவிழா முடிந்த கையோடு ஒரு காலையில் கக்கூசில் சிவப்பாகச் சில சொட்டுகளைக் கண்டபோது இருளப்பன் பதறவில்லை. கடையில் ரவிகுமாரின் காதில் மட்டும் சொன்னார்.

"இப்பத்தாண்ணே நீங்க டிரைவர்" என்று ரவிகுமார் கையைப் பிடித்துக் குலுக்கினான். "இவ்வளவு காலமா லைசன்ஸ் மட்டுந்தான் இருந்திச்சு."

இருளப்பனும் சிரித்தார். தம்பிலி குடித்தார். இரத்தம் நின்றது. நின்றதும், எல்லாரையும் போலவே அதை மறந்தார்.

அது திரும்பி வந்தபோது வேறு மாதிரி வந்தது. சொட்டுச் சொட்டாக அல்ல. மலத்தோடு கலந்து, கருஞ்சிவப்பாக, கொஞ்சம் சளியும் சேர்ந்து. காலையில் போய்விட்டு வந்தால் இன்னும் மிச்சம் இருப்பது போலவே இருந்தது. மறுபடி போக வேண்டியிருந்தது. போனால் ஒன்றும் இல்லை. பல்லேகலவில் ஒரு பெற்றோல் செட்டைக் கண்டால் பஸ்ஸை ஓரம் கட்டி, இறங்கி அங்கேயிருக்கிற கக்கூசுக்கு ஓடத் தொடங்கினார். ஆட்கள் முணுமுணுப்பார்கள். அப்போது பின்கதவிலிருந்து அகீலின் குரல் வரும்: "டயர் பாக்குறார், டயர் பாக்குறார்! பொறுங்க!"

அகீல்தான் கொண்டக்டர். மடவளைக்காரன், நாற்பதைத் தொட்ட ஆள், இரண்டு பிள்ளைகளின் வாப்பா. இருளப்பனோடு எத்தனையோ வருடமாக ஓடுகிறான். இருவரும் பேசிக்கொள்வது குறைவு, மணியே போதும். ஆனால் பின்கதவில் நிற்கிறவனுக்கு முழு பஸ்ஸும் தெரியும், டிரைவரின் முதுகும் தெரியும். அந்த முதுகு ஒடுங்கி வருவதை அவன் பார்த்தான். பெல்ட்டில் புதிதாக ஓட்டை போட இருளப்பன் அவனிடம்தான் ஆணி கேட்டார். ஒன்று போட்டு, சில கிழமையில் இன்னொன்றும் போட்டார். சீட்டில் எப்போதும் விரிக்கிற வெள்ளைத் துவாய் காணாமல் போய் கறுப்புத் துவாய் வந்ததையும் அவன் பார்த்தான். முன்பெல்லாம் மாலையில் பஸ் கழுவும்போது அந்தத் துவாயையும் அகீலே அலசிக் காயப்போடுவான். இப்போது இருளப்பன் அதைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

வீட்டில் நடந்தது இதைவிட வேடிக்கை. இருளப்பனின் மனைவி சுபாஜினி பல்லேகலவில் ஒரு தையல் தொழிற்சாலையில் வேலை செய்கிறவள். கல்யாணம் முடித்த நாளிலிருந்து ஒரு கைக்குட்டைகூடத் துவைக்காத மனிதன், திடீரென்று தன் உள்ளுடுப்பைத் தானே துவைத்துக் கொல்லைப்புறம் ஒளித்துக் காயப்போடுகிறான். எந்த மனைவிக்குத்தான் சந்தேகம் வராது?

"யாருங்க அவ?" என்று ஒரு நாள் நேராகவே கேட்டுவிட்டாள்.

"எவ?"

"நீங்களே தொவைக்கிற அளவுக்கு எவகிட்ட போறீங்க?"

இருளப்பனுக்குச் சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும். உண்மையைச் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. "போடி பைத்தியம்" என்று மட்டும் சொன்னார். அவள் அன்றிரவு சாப்பிடவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தால் சோறுதான் கெட்டுப்போகும்.

ஏன் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை என்று கேட்பீர்கள். வெட்கம் ஒன்று. அந்த இடத்தை ஒரு டொக்டருக்குக் காட்டுவதா என்று நினைக்கும்போதே அவர் காது சிவந்தது. இரண்டாவது, சீட். பஸ் முதலாளிக்கு வேண்டியது பஸ் ஓடுவது. டிரைவர் படுத்தால் மாற்று டிரைவர் ஏறுவான், ஏறியவன் இறங்கமாட்டான். அப்படிச் சீட்டை விட்டுவிட்டு ஆட்டோவுக்குப் போனவர்கள் திகன சந்தியிலேயே இருந்தார்கள். மூன்றாவது காரணத்தை அவர் தனக்குக்கூடச் சொன்னதில்லை. இது இஞ்சின் சூடாக இல்லாமல் போனால்? அந்தக் கேள்வி வரும்போதெல்லாம் அவர் இன்னொரு தம்பிலி வாங்கினார்.

ஒரு மத்தியானம், கண்டியிலிருந்து திரும்பி வரும்போது, குண்டசாலையைத் தாண்டியதும் அவர் கண்ணுக்கு முன்னால் வெயில் அணைந்தது. றோட் இருந்தது, பிறகு இல்லை. பஸ் மெதுவாக ஓரத்துக்குச் சாய்ந்து புல்லில் ஏறியது. எங்கிருந்தோ வந்த சுரணையில் பிறேக்கை மிதித்தார். ஆட்கள் முன்சீட்டுகளில் மோதினார்கள். யாரோ ஏற்றியிருந்த தேங்காய்ச் சாக்கு அவிழ்ந்து, காய்கள் பஸ் முழுக்க உருண்டன.

"நாய் குறுக்க வந்திருச்சு" என்றார் இருளப்பன்.

பின்கதவின் படியில் நின்ற அகீலுக்குப் பாதை முழுவதும் தெரிந்தது. அங்கே நாயும் இல்லை, பூனையும் இல்லை. அவன் தேங்காய்களைப் பொறுக்கிக்கொண்டே முன்னால் வந்து டிரைவரின் முகத்தைப் பார்த்தான். உதடு வெளுத்திருந்தது. சீட்டில் விரித்திருந்த கறுப்புத் துவாயின் ஓரம் ஈரமாக இருந்தது. அகீல் பின்னால் போனான். அங்கிருந்து திகன வரை பஸ் ஊர்ந்துதான் வந்தது. வந்ததும், மிச்ச ஓட்டத்தை டயரைச் சாட்டி அவனே நிறுத்தினான்.

அவனுக்கு இந்த நோயைத் தெரியும். அவன் மனைவியின் உம்மா, உம்மு குல்சும், இரண்டு வருடத்துக்கு முன்னால் இதே மாதிரி இரத்தம் போய் ஆஸ்பத்திரிக்குப் போனவர். குடலில் இருந்த கட்டியைச் சின்னதிலேயே கண்டு எடுத்துவிட்டார்கள். இன்றைக்கு மடவளைப் பள்ளிவாசல் தெருவில் அவருடைய குரல்தான் பெரிய குரல். பக்கத்து வீட்டுச் சாவுக்குப் போனாலும் தன் குடலின் கதையைச் சொல்லாமல் வரமாட்டார். "வெக்கப்பட்டு ஈந்தா என்ட கபுருக்கு மேல இப்ப புல்லு மொளச்சீக்கும்" என்பது அவர் வழக்கமாகச் சொல்வது.

மறுநாள் காலை. ஒபீஸ் போகிறவர்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள், ஆஸ்பத்திரிக்கு நோயாளி பார்க்கப் போகிறவர்கள் என்று திகன ஸ்டாண்டில் பஸ் நிறைந்துவிட்டது. டைம் கீப்பர் விசில் ஊதினார். இருளப்பன் இஞ்சினைக் கிளப்பி, கிளச்சை மிதித்து, கியரைப் போட்டு, மணிக்குக் காத்திருந்தார்.

மணி விழவில்லை.

கண்ணாடியில் பார்த்தார். அகீல் பின்கதவில் நின்றான். கயிறு அவன் தலைக்கு மேலே தொங்கியது. அவன் கைகள் இரண்டும் கட்டியிருந்தன.

டைம் கீப்பர் மறுபடி ஊதினார். "யமு, யமு!" என்று ஆட்கள் சிங்களத்தில் போகச் சொல்லிச் சத்தமிட்டார்கள். பின்னால் நின்ற பஸ் ஹோர்ன் அடித்தது. "மணிய அடிடா!" என்றார் இருளப்பன் கண்ணாடியைப் பார்த்து. அகீல் அசையவில்லை. கிளச்சை மிதித்திருந்த கால் கடுக்கத் தொடங்கியது. விட்டால் பஸ் போய்விடும். யாரும் தடுக்கப்போவதில்லை. ஆனால் இத்தனை வருடத்தில் ஒரு தரம்கூட அந்தக் கால் மணி இல்லாமல் விடவில்லை, இப்போதும் அது அவர் சொல்லைக் கேட்கவில்லை. தன் கையால் கட்டிய கயிற்றில் தானே மாட்டிக்கொண்டார் மனிதர்.

அகீல் ஆட்களை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தான். இஞ்சின் மூடியில் கையை ஊன்றிக் குனிந்து, அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னான்.

"எறங்குங்கண்ணே. ஆஸ்பத்திரிக்குப் போற. ரவிகுமார் ஓட்டுவான்."

அப்போதுதான் இருளப்பன் கவனித்தார். டிரைவர் கதவுக்கு வெளியே ரவிகுமார் நின்றுகொண்டிருந்தான், குளித்து, சேர்ட்டை உள்ளே விட்டு, தயாராக.

"ஓ, ரெண்டு பேரும் பேசி வச்சுத்தான் செய்றீங்களா?" இருளப்பன் ஸ்டியரிங்கை இறுகப் பிடித்துக்கொண்டார். "சீட்டப் புடுங்கப் பாக்குறீங்களாடா பாவிங்களா? சோத்துல மண்ணள்ளிப் போடுறீங்களே!"

"நேத்து நாய் வரல்ல, அண்ணே" என்றான் அகீல். "நா பாத்த. பின்னால அம்பது உசுரு ஈந்த. ஒங்கட உசுரோட அம்பத்தொண்டு. நா இண்டைக்கி மணி அடிக்க மாட்டேன். நீங்க அந்தச் சீட்டுல ஈக்கிற வரைக்கும் அடிக்கவே மாட்டேன்."

அவன் இரத்தம் என்ற சொல்லை வாயில் எடுக்கவில்லை. ஆட்கள் டிக்கட் தகராறு என்று நினைத்தார்கள், இன்னும் சிலர் டீசல் தீர்ந்துவிட்டது என்று நினைத்தார்கள். இருளப்பன் அகீலின் கண்ணைப் பார்த்தார். அங்கே கோபம் இருக்கவில்லை. பயம்தான் இருந்தது, அதுவும் அவருக்காக. அவர் கியரைத் தளர்த்தி, கறுப்புத் துவாயைச் சுருட்டிக்கொண்டு இறங்கினார்.

அன்றைக்குத்தான் முதல் தடவையாக அவர் தன் பஸ்ஸில் பிரயாணியாகப் போனார். முன்சீட்டில் ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை எழும்பி இடம் கொடுத்தது. ரவிகுமார் ஸ்டியரிங்கைப் பிடித்தான். இரண்டு மணி விழுந்தது. பஸ் கிளம்பியது. கண்டி வரை அவர் அகீலின் பக்கம் திரும்பவே இல்லை.

கண்டி பெரிய ஆஸ்பத்திரியில் வரிசை நீண்டு கிடந்தது. வேறொரு கொண்டக்டரிடம் பஸ்ஸை ஒப்படைத்துவிட்டு அகீலும் வரிசையில் நின்றான். அறைக்குள் போனபோது டொக்டர் திவாகரன் நிமிர்ந்து பார்த்தார். யாழ்ப்பாணத்துக்காரர், இளவயது, கண்ணாடி போட்டவர்.

"இவர் ஆர்?"

"என் கொண்டக்டருங்க."

"அப்ப அவர் வெளியில நிக்கட்டும். சொல்லுங்கோ ஐயா, என்ன செய்யுது?"

"ஒன்னுமில்லீங்க டொக்டர். இஞ்சின் சூடு. டிரைவர்மாருக்கெல்லாம் வர்றது. ரெண்டொரு தடவ ரத்தம்..."

திரைக்கு வெளியே யாரோ இருமினார்கள். அகீலின் இருமல் இருளப்பனுக்குத் தெரியாதா என்ன?

"...கொஞ்சம் கூடவேங்க" என்றார்.

"எப்ப துடக்கம்?"

"போன பெரஹரா முடிஞ்ச பொறகு. இடையில நின்டுச்சு. இந்தா, புத்தாண்டுக்கு முந்தியிருந்து விடாம போகுது."

டொக்டர் பேனையைக் கீழே வைத்தார். "கடுதாசியில மட்டும் படுதோ, இல்லாட்டி மலத்தோட கலந்து போகுதோ?"

"கலந்துதாங்க."

"சிவப்போ, கறுப்போ?"

"கருஞ்செவப்பு."

"முந்தி போற மாதிரித்தான் இப்பவும் கக்கூசுக்குப் போறியளோ, இல்ல அந்தப் பழக்கம் மாறிட்டுதோ?"

இருளப்பனுக்குப் பல்லேகல பெற்றோல் செட் நினைவுக்கு வந்தது. "மாறிருச்சுங்க."

"மெலிஞ்சிட்டியளோ?"

அவர் பெல்ட்டைக் காட்டினார். ஆணியால் குத்திய ஓட்டைகள் இரண்டும் கோணல்மாணலாகத் தெரிந்தன.

"தலை சுத்தினதோ? கண் இருண்டதோ?"

"நேத்து" என்றார். பிறகு அவரால் அடக்க முடியவில்லை. "பஸ்ஸு நெறைய ஆளுங்க டொக்டர். புல்லுல ஏறிருச்சு. சின்னப் புள்ளைங்க இருந்திச்சு உள்ள." கண்ணீர் கொட்டியது. அந்தப் பிள்ளைகளை நினைத்து அவர் அழுதது அப்போதுதான்.

டொக்டர் அவர் அழுது முடிக்கும்வரை பொறுத்திருந்தார். பிறகு கட்டிலைக் காட்டினார். அந்த இடத்தைப் பார்க்கிற வேலை, இருளப்பன் மாதக்கணக்காகப் பயந்த அந்த வேலை, ஒரு தேத்தண்ணி ஆற்றுகிற நேரத்தில் முடிந்தது. இதற்காகவா இத்தனை நாள் ஒளித்தோம் என்று அவருக்கே எரிச்சல் வந்தது.

"மூலம் இருக்குதுதான்" என்றார் டொக்டர் கையுறையைக் கழற்றிக்கொண்டே.

"பாத்தீங்களா!" என்று இருளப்பன் எழுந்து உட்கார்ந்தார்.

"இருங்கோ. மூலம் இருக்கிற ஆளுக்கு வேற வருத்தம் வராதெண்டு உங்களுக்கு ஆர் சொன்னது? நீங்கள் சொல்லுற ரத்தம் மூலத்தின்ர ரத்தம் மாதிரி இல்ல. முதல் நாள் ரெண்டு சொட்டுப் போச்சே, அண்டைக்கே வந்து ஒருக்காக் காட்டியிருக்க வேணும். திரும்பிப் போகேக்க கட்டாயம் வந்திருக்க வேணும், அதுவும் உங்கட வயசில. நேற்றுத் தலை சுத்தினதுக்கு நேற்றே வந்திருக்க வேணும். இண்டைக்கு உங்களை வீட்ட விடமாட்டன்."

அன்றே வார்டில் படுக்கவைத்தார்கள். உடம்பில் இரத்தம் பாதிக்குப் பாதிதான் இருந்தது என்று சொல்லி, அதே மாலையில் ஏற்றினார்கள். யாரோ முகம் தெரியாத ஒருவரின் இரத்தம் சொட்டுச் சொட்டாகக் குழாய் வழியே இறங்குவதை இருளப்பன் பார்த்துக்கொண்டே கிடந்தார். தனக்குள் போவதும் இரத்தம், தன்னிடமிருந்து போனதும் இரத்தம். கொடுத்தவர் எங்கேயோ தேத்தண்ணி குடித்துக்கொண்டிருப்பார், இப்படி ஒருவன் தன்னால் பிழைத்துக் கிடக்கிறான் என்றுகூட அவருக்குத் தெரியாது. இருளப்பன் கையைக் கூப்பப் பார்த்தார். ஒரு கையில் ஊசி இருந்ததால் மற்றக் கையை நெஞ்சில் வைத்துக்கொண்டார்.

சுபாஜினி தொழிற்சாலை உடுப்போடு ஓடி வந்தாள். அகீல் போனில் "அண்ணனே ஒங்களுக்கு செல்லுவார்" என்பதற்கு மேல் ஒரு சொல் சொல்லியிருக்கவில்லை. இன்னொருவன் மனைவியிடம் அந்தப் பேச்சைப் பேச அவனுக்கு வாய் வருமா? இருளப்பன்தான் சொன்னார், எல்லாவற்றையும், கொல்லைப்புறத்தில் காய்ந்த உடுப்பு வரைக்கும்.

"அட கடவுளே" என்றாள் சுபாஜினி. "இதுக்கா ஒளிச்சீங்க? நா எவளோ ஒருத்தின்னு நெனச்சு மாசக்கணக்கா மிசின்ல ஒக்காந்து அழுதுகிட்டு இருந்தேன். நோய்க்கும் பாக்கணும் பேய்க்கும் பாக்கணும்பாங்க. நா பேயை மட்டும் பாத்துகிட்டு இருந்துட்டேனே." அவர் தலையில் ஒரு குட்டு வைத்தாள். பிறகு அதே இடத்தைத் தடவிக்கொடுத்தாள்.

வயிற்றைக் கழுவுவதற்கு ஒரு தண்ணீரைக் குடிக்கக் கொடுத்து, மயக்கி, கமெராக் குழாயைவிட்டுப் பார்த்தார்கள். மூலத்துக்குப் போன இடத்தில் பெருங்குடலின் இடது பக்கத்தில் ஒரு கட்டி இருந்தது. சின்னத் துண்டு எடுத்துச் சோதித்தார்கள். புற்றுநோய் என்று திவாகரன் அவரிடம் மறைக்காமல் சொன்னார். வெட்டி எடுக்கக்கூடிய நிலையில்தான் இருக்கிறது என்பதையும் அதே மூச்சில் சொன்னார். இருளப்பன் சுவரைப் பார்த்துக்கொண்டு கேட்டார்: "இன்னும் கொஞ்ச நாள் தம்பிலி குடிச்சுகிட்டு இருந்திருந்தா, டொக்டர்?"

திவாகரன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அதை நான் சொல்லமாட்டன் ஐயா. நீங்கள் இப்ப வந்திட்டியள். கொண்டு வந்தவருக்கு நன்றி சொல்லுங்கோ."

சத்திரசிகிச்சை நடந்தது. வெட்டி எடுத்ததைச் சோதித்த முடிவு வந்த நாளில் திவாகரன் கட்டிலுக்கே வந்து சொன்னார்: வேறு எங்கும் பரவவில்லை, எடுக்க வேண்டியதை எல்லாம் எடுத்தாயிற்று, இனிச் சொல்லுகிற தேதிகளில் வந்து காட்ட வேண்டும். சுபாஜினி டொக்டரின் காலைத் தொடப் போனாள். அவர் பின்னால் துள்ளி அடுத்த கட்டிலில் மோதிக்கொண்டார். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்பார்களே, அதை இருளப்பன் அன்றைக்கு முழுவதும் முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

உம்மு குல்சும் வட்டிலப்பத்தோடு வந்தார். நோயாளிக்கு இனிப்புக் கொடுக்கலாமா என்று தாதி யோசிப்பதற்குள், சுபாஜினி தட்டை வாங்கிப் பாதியை முடித்துவிட்டாள். உம்மு குல்சும் வார்டின் நடுவில் நின்று, எட்டுக் கட்டிலுக்கும் கேட்கிற குரலில் தன் குடலின் கதையைச் சொன்னார். மூலைக் கட்டிலில் கிடந்த ஒரு சிங்கள ஆள் மெதுவாகத் தாதியைக் கூப்பிட்டு, தனக்கும் அப்படித்தான், கால் முறிவுக்கு வந்ததால் சொல்லவில்லை என்றார். உம்மு குல்சும் வெற்றியோடு முந்தானையை இழுத்துவிட்டார்.

அகீலும் வருவான், பார்வை நேரத்தில். வந்து கட்டிலின் ஓரத்தில் நின்று, பஸ்ஸின் செய்தி சொல்வான். வைப்பர் உடைந்தது, முதலாளி திட்டினார், ரவிகுமார் வளைவில் வேகம் எடுக்கிறான். இருளப்பன் "அகீல், நீ மட்டும் அன்னைக்கி..." என்று ஆரம்பித்தால் போதும், அவனுக்கு அவசரமாக வேலை வந்துவிடும். "அதெல்லாம் அல்லாட காரியம், அண்ணே. எனக்கு செல்லாதீங்க" என்று சொல்லிக் கதவைப் பார்ப்பான். வீட்டுக்கு வந்த பிறகும் அப்படியே. நன்றி என்ற சொல் இருளப்பனின் நெஞ்சிலேயே நின்றது. பெரிய கடனைவிடப் பெரிய பாரம் அது. வாங்க வேண்டியவன் வாங்கமாட்டேன் என்கிறானே!

உடம்பு தேறி, டொக்டர் ஓட்டலாம் என்று சொல்லி, இருளப்பன் ஒரு திங்கட்கிழமை காலையில் திகன ஸ்டாண்டுக்குப் போனார். சீட்டில் ரவிகுமார் இருந்தான். இவ்வளவு மாதம் உட்கார்ந்தவன் இறங்குவானா? அந்த ஊர் வழக்கம் அதுவல்லவே.

ரவிகுமார் இவரைக் கண்டதும் கீழே குதித்தான். சாவியை நீட்டினான்.

"மொதலாளி என்னையே இருக்கச் சொன்னாருண்ணே. அகீல் நானா மணி அடிக்கமாட்டேன்னுட்டாரு. நீங்க வர்ற வரைக்குந்தான் எனக்கு அடிப்பாராம், அதுக்குப் பொறகு ஒரு நாளும் அடிக்கமாட்டாராம்." சிரித்தான். "நானும் இருந்திருக்கமாட்டேன். சீட்டு ஆறிப்போகாம பாத்துகிட்டேன், அவ்வளவுதான். அப்புறம், நானும் போய்க் காட்டிட்டேண்ணே. எனக்கு வெறும் மூலந்தான். ஆனா காட்டிட்டேன்."

அவன் மட்டுமல்ல. கடையிலிருந்த மூன்று நான்கு டிரைவர்மாரும் ஒவ்வொருவராக, மற்றவனுக்குத் தெரியாமல், ஆஸ்பத்திரிக்குப் போய் வந்திருந்தார்கள். தம்பிலிக்காரருக்கு வியாபாரம் கொஞ்சம் படுத்துவிட்டதாகக் கேள்வி.

இருளப்பன் ஏறி உட்கார்ந்தார். சீட்டில் யாரோ புதிய வெள்ளைத் துவாய் விரித்திருந்தார்கள். யார் என்று கேட்கத் தேவையில்லை. பஸ் நிறைந்தது. டைம் கீப்பர் விசில் ஊதினார். கிளச்சை மிதித்தார், கியரைப் போட்டார். தலைக்கு மேலே இரண்டு மணி விழுந்தது.

பஸ் நகரவில்லை.

மறுபடி இரண்டு மணி. நகரவில்லை. "யமு, யமு!" என்று சத்தம் எழும்பியது. கண்ணாடியில் அகீலின் முகம் பதறியது. இருளப்பன் இஞ்சினை அணைத்துவிட்டு, எழுந்து, ஆட்களின் பக்கம் திரும்பி நின்றார். அவ்வளவு பேருக்கு முன்னால் அவர் வாழ்க்கையில் பேசியதில்லை.

"அகீல், நா சொல்றத கேக்காம இந்தப் பஸ்ஸு போகாது. நீ வேற எங்கயும் ஓட முடியாது, கதவுல ஆள் நிக்கிறாங்க." சத்தம் போட்டவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். "எனக்குக் கொடல்ல புத்து இருந்துச்சு. ரத்தம் போச்சு, நா வெக்கப்பட்டு ஒளிச்சேன். இந்த மனுசன் ஒரு நாள் காலையில மணி அடிக்க மாட்டேன்னு நின்டாரு. அன்னைக்கி அடிச்சிருந்தா நா இன்னைக்கி இல்ல. எம் பொண்டாட்டிக்குப் புருசன் இல்ல. ஒங்கள்ல சில பேரும் இல்லாம போயிருக்கலாம். ஒனக்குப் பெரிய நன்றி, தம்பி. அல்லாவுக்கு வேறயா சொல்லிக்கிறேன். இது ஒனக்கு."

சிங்களம் மட்டும் தெரிந்தவர்களுக்குப் பக்கத்தில் இருந்தவர்கள் குசுகுசுவென்று சொல்லிக்கொடுத்தார்கள். இருளப்பன் உட்கார்ந்து இஞ்சினைக் கிளப்பினார், கிளச்சை மிதித்தார், காத்திருந்தார்.

அகீல் முகத்தைக் கதவுக்கு வெளியே திருப்பிக்கொண்டு கயிற்றை இழுத்தான். ஒரு மணிதான் விழுந்தது. ஒரு மணி என்றால் நில். இருளப்பன் காலை எடுக்காமல் நின்றார். பின்னால் யாரோ மூக்கைச் சிந்துகிற சத்தம் கேட்டது. கண்ணாடியில் பார்க்காமல் இருப்பதுதான் மரியாதை என்று நினைத்து அவர் நேரே றோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கொஞ்ச நேரம் கழித்து இரண்டாவது மணியும் விழுந்தது. அவர் கிளச்சை விட்டார், பஸ் கண்டிக்குக் கிளம்பியது.